நிலவின் மறுபக்கத்தில் ஒரு மக்களவை உறுப்பினர்

புது தில்லி: முதலாவது மக்களவையில் சுயேச்சை உறுப்பினராக அமர்ந்து, நேரு அரசின் அணுசக்திக் கொள்கையைக் கேள்விக்கு உள்ளாக்கிய விஞ்ஞானி மேகநாத் சாஹாவின் பெயர், நிலவின் மறுபக்கத்தில் உள்ள பெரும் பள்ளம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டுள்ளது.

விண்கல் மோதி உருவான அப்பள்ளத்தின் விட்டம் சுமார் 100 கி.மீ. பூமியிலிருந்து தெரியும் கிழக்கு விளிம்புக்குச் சற்று அப்பால், நிலவின் நடுக்கோட்டை ஒட்டி அது அமைந்துள்ளது. தன்னைத்தானே சுற்றவும் பூமியை வலம் வரவும் நிலவு ஒரே கால அளவை எடுத்துக்கொள்வதால், அதன் ஒரு முகம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. மறுமுகத்தை முதன்முதலில் படம் எடுத்தது சோவியத் ஒன்றியத்தின் லூனா-3 விண்கலம். அது நிகழ்ந்தது 1959 அக்டோபரில். சாஹா அதற்கு மூன்றாண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். சர்வதேச வானியல் சங்கம் 1970-ல் அங்குள்ள பள்ளங்களுக்குப் பெயரிட்டபோது அவருக்கும் இடம் அளித்தது.

விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிவகுத்த அவரது 1920-ம் ஆண்டுச் சமன்பாடு உலகப் புகழ் பெற்றது. ஆனால், நாடாளுமன்றம் அவரை நினைவுகூர வேறு காரணம் உண்டு.

டாக்கா அருகே சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்த சாஹா, 1952 தேர்தலில் இடதுசாரிகளின் ஆதரவுடன் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் வென்றார். அவருடன் பயின்ற இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் அதே ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். சாஹாவோ மக்களிடம் வாக்குக் கேட்டு அவைக்கு வந்தவர்.

அணுசக்தி ஆராய்ச்சியை ரகசியத் திரை மூடக் கூடாது. பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என்பது அவரது வாதம். அவரது முயற்சியால் 1954 மே 10-ல் அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு குறித்து மக்களவை விவாதித்தது. நேருவே பதிலளித்தார். ஹோமி பாபா தலைமையிலான அணுசக்தி ஆணையத்தின் பாதை அதனால் மாறிவிடவில்லை. எனினும், விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் மட்டுமே பேசிவந்த விஷயம் மக்கள் பிரதிநிதிகளின் முன் வந்தது. அது அவைக் குறிப்பிலும் பதிவாயிற்று.

1956 பிப்ரவரி 16-ல், தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் சாஹா உயிரிழந்தார். பாபா 1966-ல் விமான விபத்தில் மறைந்தார். நிலவின் மறுபக்கத்தில், தெற்கே வெகு தொலைவில் பாபா பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. அரசின் கொள்கையை வகுத்தவரையும் அதை அவையில் எதிர்த்தவரையும் வானியலாளர்கள் ஒன்றாகவே மதித்துள்ளனர்.

அறிவியல் கொள்கைகள் விவாதமின்றி நிறைவேறும்போதெல்லாம், சாஹா எழுப்பிய கேள்வி மீண்டும் உயிர்பெறுகிறது: அறிந்து கேட்பதற்கு அவையில் யார் இருக்கிறார்கள்?