செவியும் வர்க்கமும்: மலையக மாணவரும் ஆங்கிலச் செவிமடுத்தற் பரீட்சையும்

இலங்கையில் ஆங்கிலம் கற்றல் பற்றி எழுதியோர் பெரும்பாலும் வாசிப்பையும் எழுத்தையும் பற்றியே எழுதினர். பேச்சைப் பற்றிச் சிலர் எழுதினர். செவிமடுத்தல் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. கல்வி என்ற அதிகாரத்தோடு கேள்வி என்றும் தனியதிகாரம் வகுத்த நூலைப் போற்றும் சமூகத்தில் இந்நிலை வியப்புக்குரியது. எனினும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதி, தாதியர் தொழில், குடிபெயர்வு ஆகியவற்றின் வாயிலில் இன்று நிற்கும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைகள் பலவும் செவிமடுத்தலுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளன. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வரும் மாணவர் அப்பகுதிக்கு எவ்வாறு ஆயத்தமாகலாம் என்பதும், அவர்களது ஆயத்தத்துக்குக் குறுக்கே நிற்பவை எவை என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

முதலிற் பரீட்சையின் அமைப்பைக் காண்போம். பரவலாக எழுதப்படும் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சை 1980இல் தொடங்கிய முன்னோடிப் பரீட்சையொன்றின் வழிவந்து 1989இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் செவிமடுத்தற் பகுதி நான்கு கூறுகளையும் 40 வினாக்களையும் உடையது. ஒலிப்பதிவு ஏறத்தாழ 30 நிமிடம் நீடிக்கும். முதற்கூறு அன்றாட அலுவல் பற்றிய இருவர் உரையாடல். இரண்டாவது அன்றாட விடயமொன்றைப் பற்றித் தனியொருவர் பேசுவது. மூன்றாவது மாணவரும் ஆசிரியரும் கல்வி தொடர்பாக உரையாடுவது. நான்காவது பல்கலைக்கழக விரிவுரை போன்றது. ஒலிப்பதிவு ஒருமுறையே ஒலிக்கும். காகிதத்தில் எழுதுவோருக்கு விடைகளைப் பெயர்த்தெழுத முடிவில் 10 நிமிடம் உண்டு. கணினியில் எழுதுவோருக்குச் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே. எழுத்துப்பிழை உள்ள விடைக்குப் புள்ளி இல்லை. இரண்டு சொற்களுக்கு மேற்படாது எழுதுக என்று கேட்குமிடத்து மூன்று சொல் எழுதினால், அவை சரியாயினும் புள்ளி இல்லை. 40இல் ஏறத்தாழ 23 சரியாயின் 6 என்ற தரமும் 30 சரியாயின் 7 என்ற தரமும் கிட்டும். தாதியர் முதலிய சுகாதாரத் தொழிலினருக்குரிய ஓ.ஈ.டி. பரீட்சையிலும் ஒலிப்பதிவு ஒருமுறைதான். அங்கு வினாக்கள் 42.

ஒருமுறை மட்டுமே கேட்டல் என்ற நிபந்தனையே இங்கு எல்லாவற்றுக்கும் மூலம். வாசிப்பவர் திரும்பிப் பார்க்கலாம். கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. சொல்லைக் கண்ணாற் கண்டு கற்றவருக்கு இது பேரிடர்.

மலையக மாணவர் ஆங்கிலத்தைக் கண்ணாற் கற்றவராக இருப்பது தற்செயலன்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அவை தோட்ட நிருவாகங்களின் பொறுப்பில் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. ஆங்கிலம் நகரங்களின் மிசன் பாடசாலைகளில் இருந்தது. அங்கு சென்று படித்தோர் மிகச் சிலர். வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய சி.வி. வேலுப்பிள்ளை அச்சிலருள் ஒருவர். காணிச் சீர்திருத்தத்தை அடுத்து, 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகள் அரச கல்வி அமைப்பினுட் படிப்படியாக வந்தன. ஏனைய பிரதேசங்களை விட ஒரு தலைமுறைக்கும் மேலான பின்தங்கல் இது.

பரீட்சை முறையும் செவியைப் புறக்கணித்தது. கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தர ஆங்கிலம் நெடுங்காலமாக எழுத்து வினாத்தாள்களாலேயே மதிப்பிடப்பட்டு வந்தது. உயர்தரப் பொது ஆங்கிலமும் அவ்வாறே. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளியிற் சேர்க்கப்படுவதுமில்லை. பாடநூல்களிற் செவிமடுத்தற் பயிற்சிகள் உள்ளன. ஆயினும் பரீட்சையில் வராததற்கு நேரம் செலவிட ஆசிரியரும் விரும்பார், மாணவரும் விரும்பார். ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை தீராத பாடசாலையில் அப்பயிற்சிகளைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டுவது எதிர்பார்க்கத்தக்கதே. இதனால் ஆறேழு ஆண்டு ஆங்கிலம் படித்த மாணவன் ஒருவன், தன் ஆசிரியரின் குரலைத் தவிர வேறோர் ஆங்கிலக் குரலை ஊன்றிக் கேளாமலே பாடசாலையை விட்டு வெளியேற முடிகிறது.

இதற்கு முந்திய வரலாறொன்றும் உண்டு. தோட்டத்தில் இரு மொழிகள் சந்தித்தன; ஆனால் உரையாடவில்லை. துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த கைந்நூல்களில் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பது. இன்னொன்றின் பெயர் ‘கூலித் தமிழ்’. ஏவல் வாக்கியங்களே இத்தகைய நூல்களின் உயிர். தொழிலாளி சொல்வதைச் செவிமடுக்க வேண்டிய தேவை துரைக்கு இருக்கவில்லை. ஏவலைக் கேட்டுப் பணிந்தாற் போதும் என்பதே தொழிலாளிக்கு விதிக்கப்பட்டது. இந்த ஒருவழிப் பாதையிலும் தொழிலாளர் ஆங்கிலச் சொற்களைத் தம் செவிக்கேற்ப வாங்கிக்கொண்டனர். பெரட்டு, கண்டாக்கையா, டீமேக்கர், செக்ரோல், லயம் என்பன அவ்வாறு வந்தவை. இவற்றைக் கொச்சை என ஒதுக்குவது தவறு. அந்நியச் சொல்லொன்றை எழுத்தின் துணையின்றிக் காதால் மட்டும் பற்றித் தம் மொழியின் ஒலியமைப்புக்குள் வைத்த செவிகளின் சாதனை அது. எழுத்தறியாத பாட்டியின் செவி செய்ததை, எழுத்தறிந்த பேரனின் செவி செய்யத் தயங்குகிறது என்று கூடச் சொல்லலாம்.

இனி ஒலியியல். தமிழ் எழுத்து ககரத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வடிவங்களுக்கு வேறு வேறு குறி தருவதில்லை. பகர, டகரங்களும் அவ்வாறே. பாடநூலில் ஆங்கிலச் சொல்லின் மேலே தமிழெழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் பல மாணவரிடையே உண்டு. அவ்வாறு குறிக்கும்போது மேலங்கியும் ‘கோட்’, வெள்ளாடும் ‘கோட்’. பேரிக்காயும் ‘பேர்’, கரடியும் ‘பேர்’. கண் ஏற்றுக்கொண்ட இம்மயக்கம் பின்னர் காதிலும் தங்கிவிடுகிறது. செவிமடுத்தற் பரீட்சைக்கு ஆயத்தமாகுபவர் முதலிற் கைவிட வேண்டியது இத்தமிழ்க் குறிப்பையே.

இவ்விடத்து மலையக மாணவருக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஹட்டன் கடைவீதியிலும் பேருந்திலும் சிங்களம் கேட்டு வளரும் பிள்ளை, ஒலிப்புடை மெய்யையும் ஒலிப்பிலா மெய்யையும் சொல்லின் முதலிலேயே வேறுபடுத்தும் மொழியொன்றை அறிந்தே வளர்கிறது. சிங்களம் அறிந்த மாணவர் அவ்வறிவை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று எவரும் அவர்களிடம் சொல்வதில்லை. (யாழ்ப்பாணத்தார் ‘ரீ’ என்பதை மலையகத்தார் ‘டீ’ என்பர். ஆங்கில ஒலிக்கு எது அண்மையது என்ற வழக்கில் யாழ்ப்பாணத்தார் பக்கம் சிறிது நியாயம் உண்டு. தேயிலையைப் பறிப்பவர் யார் என்ற வழக்கு வேறு.)

மெய்யெழுத்தைக் காட்டிலும் பெரிய இடர் அழுத்தம். தமிழில் அசைகள் ஏறத்தாழ ஒத்த தெளிவுடன் ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை ஓங்கி ஒலிக்க, ஏனையவை சுருங்கித் தேய்கின்றன. ‘முடியும்’ என்று பொருள்படும் சொல்லை நம் வகுப்பறை முழுமையாகக் ‘கேன்’ என்கிறது. பிரித்தானியர் வேகமான பேச்சில் அது ‘க்ன்’ என்ற அளவுக்கு ஒடுங்கிவிடும். அதன் எதிர்மறை ‘காண்ட்’ என நீளும்; இறுதி டகரம் பெரும்பாலும் விழுங்கப்படும். ஆகவே டகரத்தைத் தேடிக் காத்திருப்பவர் பொருளைத் தலைகீழாக விளங்கிக்கொள்வார். உயிரின் நெடுமையைக் கவனிப்பவரே தப்புவார். பதின்மூன்றையும் முப்பதையும் வேறுபடுத்துவதும் இத்தகையதே. இறுதி னகரத்தை நம்ப முடியாது. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதே வழிகாட்டி. முதற்கூறில் தொலைபேசி எண், வாடகை, முகவரி, திகதி என எண்கள் மலிந்து வருவதால் இவ்வொரு வேறுபாடு சில புள்ளிகளைத் தீர்மானிக்கவல்லது. பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்வதும் அக்கூறில் வரும். ‘ஏ’, ‘ஈ’, ‘ஐ’ என்ற மூன்று உயிரெழுத்துப் பெயர்களும், பூச்சியம் ‘ஓ’ என ஒலிப்பதும், இரட்டை எண்ணைச் சேர்த்துச் சொல்வதும் ஒரு வாரப் பயிற்சியிற் கைவரும்.

பேசுவோரின் குரல்கள் பிரித்தானிய, அவுஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்க வழக்குகளைச் சார்ந்தவை. இந்திய ஆங்கிலமோ இலங்கை ஆங்கிலமோ அங்கு நியமமாக வருவதில்லை. உலகில் ஆங்கிலம் பேசுவோருட் பெரும்பாலோர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர் என்பதை நோக்க, இது கேள்விக்குரிய தெரிவே. திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரையில் ஆங்கிலத்தைக் குறிக்கச் சிங்கள மாணவர் வழங்கிய ‘கடுவ’, அதாவது வாள், என்ற சொல்லை எடுத்தாண்டு அம்மொழியின் அதிகாரத்தை ஆராய்ந்தார். அவ்வாள் இலங்கையில் முதலில் வெட்டுவது உச்சரிப்பையே. ஒகரத்தை ஓரளவு மாற்றிச் சொன்னவரின் ஊரையும் வர்க்கத்தையும் ஒரே சொல்லிற் கண்டுபிடித்து நகைக்கும் வழக்கம் கொழும்பு மேற்தட்டினரிடம் இன்றும் மறையவில்லை. ஆனால் செவிமடுத்தற் பகுதியில் இந்நகைப்புக்கு இடமில்லை என்பதை மாணவர் உணர வேண்டும். அங்கு எழுதுபவரின் வாயை எவரும் கேட்பதில்லை. விடை சரியா பிழையா என்பது விடைப்பட்டியலால் முடிவாகிறது. பேச்சுக் கூச்சத்தால் ஒதுங்கி நிற்கும் தோட்டத்து மாணவி துணிந்து புள்ளி குவிக்கக்கூடிய பகுதி இதுவே என்பது எமது கருத்து.

ஆயத்தத்தின் முறையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது பொருந்தும். நாள் முழுவதும் ஆங்கிலத் திரைப்படம் பார்ப்பதாற் செவி பழகும் என்பது பரவலான நம்பிக்கை. கீழெழுத்தை வாசித்துக்கொண்டு பார்ப்பவர் மீண்டும் கண்ணாலேயே கற்கிறார். இதனினும் பயன் தருவது பழைய ‘சொல்வதெழுதல்’. ஒரு நிமிட அளவான, எழுத்துவடிவம் கிடைக்கக்கூடிய ஒலிப்பதிவொன்றைத் தெரிந்துகொள்க. முதலில் எழுதாமற் கேட்க. இரண்டாம் முறை துண்டு துண்டாக நிறுத்திக் கேட்டதை எழுதுக. பின்னர் மூலத்துடன் ஒப்பிட்டுப் பிழைகளை மூன்றாகப் பிரிக்க: அறியாத சொல், அறிந்திருந்தும் காதில் அடையாளம் காணாத சொல், கேட்டும் பொருள் தவறிய இடம். கண்ணாற் கற்றவருக்கு இரண்டாம் வகையே மிகும். அகராதி அதற்கு மருந்தாகாது. அவ்விடத்தைப் பத்துமுறை கேட்டு, பேசுபவரோடு சேர்ந்து தானும் அதே வேகத்திற் சொல்லிப் பார்ப்பதே மருந்து. நா சொல்லப் பழகியதைக் காது விரைவில் இனங்காணும்.

அடுத்தது முன்னூகம். ஒவ்வொரு கூறுக்கும் முன்னர் வினாக்களைப் படிக்கச் சில வினாடிகள் தரப்படுகின்றன. விடை எண்ணா, பெயரா, ஒருமையா, பன்மையா என்று அப்போதே ஊகிக்க வேண்டும். இது மலையகத்தாருக்குப் புதிய கலையன்று. காமன் கூத்திற் பாட்டின் சொற்கள் தப்பொலிக்கிடையே பாதி கரைந்துபோகின்றன. ஆயினும் கதை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறிந்திருப்பதாற் சபை ஒன்றையும் தவறவிடுவதில்லை. அடுத்து வருவதை அறிந்த செவி அரைச்சொல்லைக் கொண்டே முழுச்சொல்லை அமைத்துக்கொள்கிறது. வினாத்தாளே பரீட்சையின் கதைச்சுருக்கம்.

ஒரு பொறியையும் குறிப்பிட வேண்டும். வினாத்தாளில் உள்ள சொல் ஒலிப்பதிவில் அப்படியே வருவது அரிது. ‘குறைந்த செலவு’ என்று தாளில் இருந்தால், பேசுபவர் ‘கைக்கு அடக்கமானது’ என்ற பொருளில் ஏதோ சொல்வார். தாளில் உள்ள சொல்லே காதில் விழுந்தால் ஐயுற வேண்டும். செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு, இல்லை வியாழன் எனத் திருத்துவதும் வழமை. முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு எழுதத் தொடங்குபவர் திருத்தத்தைக் கேட்பதில்லை. ஏவலைக் கேட்டவுடன் செயற்படும் பழக்கத்துக்கும், முடிவுவரை கேட்டுத் தீர்மானிக்கும் பழக்கத்துக்கும் உள்ள தூரம் இங்கு தெரியவரும்.

இவை அனைத்துக்கும் வேண்டிய பௌதிக நிபந்தனை அமைதி. வாசிப்புக்கு ஒரு விளக்கு போதும்; செவிமடுத்தலுக்கு ஓசையற்ற இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட லயக் காம்பரா ஒன்றிற் குடும்பம் முழுவதும் வாழ, சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் வானொலி ஒலிக்க, மாணவருக்கு அமைதி எங்கே? 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் இணையச் சமிக்ஞை தேடி மாணவர் மலையுச்சிக்கு ஏறிய செய்திகள் வெளிவந்தன. வீட்டுப் பிரச்சினை தீராமற் செவிப்பயிற்சியைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சே. ஆயினும் தீரும்வரை காத்திருக்கவும் இயலாது. ஒலிப்பதிவுகளை நகரத்திலோ நூலகத்திலோ ஒருமுறை இறக்கிக்கொண்டால் பின்னர் சமிக்ஞை வேண்டியதில்லை. பாடசாலை முடிந்தபின் வகுப்பறை ஒன்றை ஒரு மணிநேரம் திறந்துவைப்பது அதிபர் ஒருவரின் அதிகாரத்துக்குள் அடங்கியது. அங்கு நால்வர் ஒரு தொலைபேசியைச் சுற்றி அமர்ந்து தனித்தனியே எழுதி, பின்னர் ஒப்பிட்டு வாதிடுவது, கட்டண வகுப்பில் நூறுபேரோடு அமர்வதிலும் மேலானது. ஒருவர் கேட்கத் தவறியதை மற்றவர் கேட்டிருப்பார். ஏன் தவறினோம் என்ற விவாதத்திலேதான் செவி திருந்துகிறது. ஆங்கிலக் கிரிக்கெட் நேர்முக வருணனையை ஆர்வத்துடன் கேட்கும் இளைஞர் தாம் பயிற்சி செய்வதை அறியாமலே எண்களையும் வேகத்தையும் பயின்றுகொள்கின்றனர் என்பதும் கருதத்தக்கது.

இறுதியாகக் கட்டணம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதும் அதன்பின் ஏற்பட்ட உயர்வுகளும் நாமறிந்தவை. கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் ஒரு மாதச் சம்பளமும் இப்பரீட்சைக் கட்டணத்துக்கு ஈடாகாது. பெறுபேறும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். எனவே விண்ணப்பிக்கும் திகதியைத் தரகர்களும் கட்டண வகுப்பு விளம்பரங்களும் தீர்மானிக்க விடலாகாது. முழுநீளப் பயிற்சித் தாள்களை இடைநிறுத்தாமல், ஒலிப்பதிவை ஒருமுறை மட்டுமே கேட்டு எழுதிப் பார்க்க வேண்டும். தமக்கு வேண்டிய தரத்துக்குரிய எண்ணிக்கையைத் தொடர்ந்து மூன்று தாள்களிற் பெற்ற பின்னரே பணத்தைச் செலுத்துவது தக்கது.