மார்கழியில் பழகும் மட்டக்குதிரை

கோடியக்கரையில் யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் மேய்கின்றன. வேதாரண்யத்தைத் தாண்டி, காவிரிப் படுகை கடலில் முடியும் தென்கிழக்கு மூலை அது. 1967-இல் சரணாலயமான அந்தக் காட்டின் புல்வெளியில், வெளிமான்களுக்கு நடுவே இந்த மட்டக்குதிரைகளைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்த குதிரைகளின் வாரிசுகள் இவை. இன்று கட்டுத்தறி என்றால் என்னவென்றே தெரியாமல் திரிகின்றன. பிடரி முடிந்து முதுகு மேடிடும் இடம்வரை அளந்தால் 147 சென்டிமீட்டருக்குள் நிற்கும் குதிரையை மட்டக்குதிரை என்பது உலகெங்கும் புழங்கும் பொதுக் கணக்கு.

குதிரை பழக்க நினைக்கும் எவரும் முதலில் இவற்றைத் தூர நின்று கவனிக்க வேண்டும். (கிட்டப் போகக் கூடாது, தீனி நீட்டவும் கூடாது, அது காடு.) ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று சிறு குடும்பங்களாக வாழ்பவை இவை. மூத்த பெட்டை மேயும் இடத்தில் ஓர் இளங்குதிரை மூக்கை நுழைத்தால், பெட்டை காதைப் பின்னால் மடிக்கும். அது போதவில்லையென்றால் தலையை நீட்டும். அதற்கும் அசையாவிட்டால்தான் கடிக்கப் பாயும். இளசு ஓரடி விலகியதுமே பெட்டையின் காது பழையபடி நிமிர்ந்துவிடும். தலை புல்லுக்குத் திரும்பிவிடும். கோபத்தை அது இழுத்துக்கொண்டு போவதில்லை. சின்னதாக ஓர் அழுத்தம், பதில் வந்த நொடியே விடுதலை. குதிரை குதிரைக்குப் பாடம் சொல்லும் முறை இதுதான். மனிதன் சொல்ல வேண்டிய முறையும் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

டெல்டாவுக்குக் குதிரை புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் அங்கே வந்திறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பல மாண்டதையும் எழுதிவைத்தார். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அசுவ சாஸ்திரத்தைப் படங்களோடு பதிப்பித்திருக்கிறது. இன்றைக்குக் குதிரை நம் கண்ணில் அதிகம் படுவது எல்கைப் பந்தயங்களில்தான். காணும் பொங்கலன்று திருக்கடையூரில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் பிரிவு பிரிவாக ஓடுவதைப் பார்க்கச் சாலையின் இருபுறமும் ஊரே திரண்டு நிற்கும்.

ஆனால் நம் கை மாட்டுக்குப் பழகிய கை. மாடு பயந்தால் நின்று கொம்பைத் தாழ்த்தும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்திவிடலாம். குதிரை பயந்தால் ஓடும். ஓட வழியில்லாவிட்டால்தான் உதைக்கும், முன்னங்காலைத் தூக்கும். புலியும் ஓநாயும் துரத்திய புல்வெளிகளில் முதலில் ஓடியது பிழைத்தது. அப்படிப் பிழைத்தவற்றின் வழியில் வந்ததுதான் இன்றைய குதிரை. சாலையோரம் காற்றில் புரளும் யூரியா சாக்கைப் பார்த்து மிரளும் குட்டியை ‘முரட்டுத்தனம்’ என்று சொல்லி அடிப்பவர், அந்தச் சாக்கு உண்மையிலேயே ஆபத்தானது என்று அதற்கு நிரூபித்துக் காட்டுகிறார். அடுத்த முறை அது இன்னும் சீக்கிரம் மிரளும்.

இந்தப் பழக்கலுக்குக் கார்த்திகைக் கடைசி முதல் தை வரையான நாட்கள் நமக்கு வாய்த்த வரம். குளிர் நாடுகளில் பனிக்காலம் குதிரையை லாயத்துக்குள் அடைக்கும் காலம். இங்கே அதுதான் குதிரை சுகமாக மூச்சு விடும் காலம். 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையான காற்றில்தான் அதன் உடல் அதிகச் சிரமமில்லாமல் தன் சூட்டைக் காத்துக்கொள்கிறது. அதன் பெரிய தசைகள் நடக்கும்போதே நிறையச் சூடு கக்கும். வியர்வை ஆவியானால்தான் அந்தச் சூடு இறங்கும். சித்திரை வெயிலில், கடலோரப் புழுக்கத்தில், வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்கும் நிலையில் குதிரை இருக்காது. மார்கழி விடியலில் தஞ்சைப் பக்கம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். வயலில் சம்பா கதிர் பிடித்திருக்கும். வாய்க்கால் கரையில் ஆள் நடமாட்டமும் குறைவு.

முதல் பாடம் கயிற்றில் ஆரம்பிப்பதில்லை, நிற்பதில் ஆரம்பிக்கிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னால் சிறிது இடமும்தான் தெரியாது. நாம் பாசத்தோடு போய்க் கை நீட்டும் இடம் பெரும்பாலும் அந்த நெற்றிதான்! அதனால் தோளை நோக்கி, சற்றுப் பக்கவாட்டில், நேராகக் கண்ணை முறைக்காமல் நடக்க வேண்டும். குட்டி தலையைத் தூக்கிக் காதை நம் பக்கம் திருப்பும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஓரடி வைத்தால் அது ஓடும். நின்று காத்திருந்தால் காது தளரும், அல்லது தலை இறங்கும். அப்போது முன்னால் போகாமல், இரண்டடி பின்வாங்க வேண்டும். பார்ப்பவருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். குட்டிக்கோ, ‘நான் அமைதியாக நின்றேன், அவர் விலகினார்’ என்று கணக்கு விழுகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நிற்கும் தூரம் தானாகச் சுருங்கும். பல குட்டிகள் ஒரு கட்டத்தில் தாமாகவே மூக்கை நீட்டி நம் முழங்கையை முகர்ந்து பார்க்கும்.

தொட வேண்டிய முதல் இடம் பிடரி முடியும் அந்த முதுகு மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றின் டெல்டாவில் காமார்க் என்ற பகுதி இருக்கிறது. அங்கும் நெல் விளைகிறது, பூநாரைகள் இறங்குகின்றன, சிறிய வெள்ளைக் குதிரைகள் சதுப்பில் மேய்கின்றன. அந்தக் காமார்க் குதிரைகளை வைத்து கிளாடியா ஃபே, ஜான் த மாசியேர் இருவரும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த மேட்டை மனிதக் கையால் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு இறங்கியது. வேறிடத்தில் சொறிந்தபோது அப்படி இறங்கவில்லை. நீங்களே பார்க்கலாம். விரல் நுனியால் அழுத்திச் சொறியும்போது குட்டியின் மேலுதடு நீண்டு துடிக்கும், கண் பாதி மூடும், கழுத்து ஒரு பக்கமாகச் சாயும். தாடை எலும்பின் உட்புறத்தில் விரல் வைத்தால் நாடி தட்டும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை; குட்டிக்கும் மட்டக்குதிரைக்கும் கொஞ்சம் கூடும். நாடி எகிறியிருந்தால் அன்றைக்குப் பாடத்தை அத்தோடு நிறுத்திவிடலாம்.

தலைக்கயிறு போட்ட பிறகும் அதே கணக்குதான். கயிற்றை மெதுவாக முன்னால் இழுத்துப் பிடியுங்கள், இழுத்தபடி நடக்காதீர்கள். குட்டி ஒரு கால் எடுத்து வைத்ததும் கயிறு தளர வேண்டும். ஓரிரு நொடி தாமதித்தால்கூட எதற்காகத் தளர்ந்தது என்பது அதற்குப் புரியாது. அந்த நேரத்தில் அது தலையை உதறியிருந்தால், உதறலையே கற்றுக்கொள்ளும். மனிதக் கையின் தாமதத்தால்தான் பாதிக் குதிரைகள் கெடுகின்றன. சொன்னதைச் செய்ததும் ஒரு சிறு துண்டு தீனி கொடுப்பதும் பலன் தரும். பிரான்சில் கரோல் சாங்கே குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தீனிப் பரிசோடு பழக்கிய இளங்குதிரைகள் மாதக்கணக்கில் பிரிந்திருந்த பிறகும் பாடத்தை மறக்கவில்லை. மனிதர்களைத் தாமே தேடி வந்தன. ஆனால் கடிக்கும் பழக்கம் உள்ள குட்டிக்குக் கையில் கொடுக்காமல் சட்டியில் கொடுப்பது நல்லது.

நம் உடம்பைக் குதிரை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறது என்பதற்கு பெர்லினின் ‘புத்திசாலி ஹான்ஸ்’ சாட்சி. கூட்டல் கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொன்ன அந்தக் குதிரையை 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தார். கேள்வி கேட்டவரின் தலை, சரியான எண் வந்ததும் அவரையறியாமல் சிறிது அசைந்தது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டலை நிறுத்தியது. தமக்கே தெரியாமல் மனிதர்கள் செய்த அசைவு அது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு லாயத்துக்கு வருபவரின் தோள் இறுக்கம் குட்டிக்குத் தெரியாமல் போகுமா?

பழக்குவது எவ்வளவு முக்கியமோ, தீனியும் அவ்வளவு முக்கியம். இங்கே டெல்டாவுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. அரிசி ஆலைத் தவிடு மலிவு என்று மாட்டுக்குப் போலக் குதிரைக்கும் அள்ளிப் போடுகிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். குடலில் சேரும் பாஸ்பரஸ், தீனியில் இருக்கும் கால்சியத்தையும் உடலில் சேரவிடாது. ரத்தத்துக்கு வேண்டியதை உடல் எலும்பிலிருந்து எடுக்கும். மாதங்கள் போனால் முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கும் இதே நோய் வந்தது. தவிடு கொஞ்சமாக இருக்கட்டும். ஊறவைத்த கொள்ளும் அருகம்புல்லும் உலர்ந்த நல்ல தீவனமும் முன்னே வரட்டும். உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு உலர்தீவனம் ஒரு நாளைக்கு வேண்டும். 200 கிலோ மட்டக்குதிரைக்கு அது 3 முதல் 4 கிலோ. குதிரையின் இரைப்பை சிறியது, அமிலமோ ஓயாமல் சுரக்கிறது. ஆகவே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மெல்ல ஏதாவது இருக்க வேண்டும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல் வேண்டவே வேண்டாம். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றில் போனது போனதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றிலேயே நின்ற குளம்பில், நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதி அழுகிக் கறுத்து நாறும். தினமும் காலைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்வது இதற்கு வைத்தியம். அதுவே நல்ல பழக்கலும்கூட. காலைத் தூக்கக் கொடுப்பது என்றால் ஓடும் வழியை விட்டுக்கொடுப்பது. குட்டி அதை நமக்குக் கொடுக்கும்போது நாமும் ஒரு நொடியில் இறக்கி வைத்து, பிறகு மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும். மழைக்குப் பின் பெருகும் கடிக்கும் ஈக்கள் பரப்பும் ‘சர்ரா’ நோயின் ஒட்டுண்ணியை கிரிஃபித் எவன்ஸ் 1880-இல் கண்டுபிடித்தது அன்றைய பஞ்சாபில்தான். விட்டு விட்டுக் காய்ச்சல், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம் என்றால் பழக்கலை நிறுத்திவிட்டு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வண்டிக்கு வரும் கடைசிப் படியிலும் அவசரம் ஆகாது. இரண்டு நீளக் கயிறுகளோடு பின்னால் நடந்து பழக்கி, பிறகு ஒரு பழைய டயரை இழுக்க வைத்து, அப்புறம் வெற்று வண்டியைக் கட்ட வேண்டும். அறுவடை இயந்திரத்தின் இரைச்சலையும் பறைச் சத்தத்தையும் தூரத்திலிருந்து தொடங்கி, குட்டி அமைதியாகும்வரை கேட்கவிட்டு, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுபோகலாம். வாயைக் கிழிக்கும் முள் கடிவாளம், வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடைசெய்யப்பட்ட ஒன்று. அதை இன்னும் விற்பவரையும் வாங்குபவரையும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வயது விஷயத்தில்தான் பந்தய ஆசை அதிகமாக வரம்பு மீறுகிறது. உயரம் நின்றுவிட்டதே என்று வண்டியில் கட்டுகிறார்கள். கீழ்க்கால் எலும்புகள் முதலில் முற்றும். முதுகெலும்பு முற்றுவதற்கு 5 வயது தாண்டும். வயதைப் பல் காட்டிக்கொடுக்கும். முன்வாயின் நடுப் பால்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் விழுகின்றன. எல்கைப் பந்தயம் நடத்தும் விழாக் குழுக்கள் தொடக்கக் கோட்டில் ஒரு கால்நடை மருத்துவரை நிறுத்தி, பால்பல் மிச்சமிருக்கும் குட்டியை அங்கேயே திருப்பி அனுப்பலாம். உதட்டை விலக்கிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.