குணம் மாறாத செயற்கைத் துணை

ரெப்ளிக்கா, கேரக்டர் ஏஐ போன்ற செயலிகளில் பேசும் துணைப் பாத்திரத்துக்கு நேற்றைய பேச்சு தானாக நினைவில் நிற்பதில்லை. பயனர் ஒரு வரி எழுதும் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைப் பற்றிய குறிப்பும் அதுவரை நடந்த உரையாடலில் இடம் கொள்ளும் பகுதியும் சேர்த்து மொழி மாதிரியிடம் கொடுக்கப்படுகின்றன. மாதிரி அவை முழுவதையும் புதிதாகப் படித்து அடுத்த பதிலை எழுதுகிறது. வன்னியில் ஆடப்படும் காத்தவராயன் கூத்தில் ஒரே காத்தவராயனைப் பலர் மாறி மாறி ஆடினாலும், கூத்து ஆசிரியரான அண்ணாவியார் பழக்கிய பாட்டும் மெட்டும் அவனை ஒருவனாகவே காட்டும். துணைப் பாத்திரத்தில் அந்த அண்ணாவியார் வேலையைக் குறிப்பும் நினைவுச் சேமிப்பும் பயிற்சியும் பங்கிட்டுச் செய்கின்றன.

குறிப்பு என்பது பெயர், ஊர், பேச்சு நடை, விருப்பு வெறுப்பு ஆகியவற்றைச் சொல்லும் சில வரிகள். பேஸ்புக் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட பெர்சோனா சாட் தரவுத்தொகுப்பில் ஒரு பாத்திரத்துக்குக் குறைந்தது 5 வாக்கியங்கள் இருந்தன. முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவதைக் குறைக்க அது உதவியது. பயனர் முன்பு சொன்னவற்றைச் சுருக்கி வைத்து, தேவைப்படும்போது எடுத்துச் சேர்ப்பது நினைவுச் சேமிப்பு.

இவ்வளவு இருந்தும் பேச்சு நீள நீளப் பாத்திரம் நழுவும். தொடக்கக் குறிப்பின் பிடி தளர, அண்மைய வரிகளின் செல்வாக்கு ஓங்கும். மைக்ரோசாப்ட்டின் பிங் அரட்டை 2023 பெப்ரவரியில் நீண்ட உரையாடல்களில் தடம்புரண்டபோது, ஓர் உரையாடலுக்கு 5 கேள்விகள் என்று நிறுவனம் எல்லை போட வேண்டியிருந்தது.

குணமும் விழுமியமும் ஒன்றல்ல. பகிடி விடும் பாத்திரம் துக்க வீட்டுச் செய்தி கேட்டு அடங்கிப் பேசினால் அது முரண் ஆகாது. மருந்தை நிறுத்தாதே என்று நேற்றுச் சொன்னது, பயனர் வற்புறுத்தியதும் இன்று நிறுத்து என்றால் அதுதான் முரண். ஆமாம் போடும் பழக்கம் பெரும்பாலும் பயிற்சியிலேயே ஒட்டிக்கொள்கிறது, ஏனெனில் அங்கே பதில்களை மதிப்பிடும் மனிதர் தமக்கு இசைவான பதிலுக்குப் பல வேளைகளில் அதிக மதிப்பெண் போடுகிறார்கள். ஓப்பன் ஏஐ 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஜிபிடி-4ஓ புதுப்பிப்பு அளவுமீறிப் புகழ்ந்ததால் சில நாட்களிலேயே மீளப் பெறப்பட்டது. ஆகவே விழுமியத்தைக் குறிப்பில் எழுதினால் மட்டும் போதாது, அது பயிற்சியிலும் பதிய வேண்டும். எழுதப்பட்ட கொள்கைகளைக் கொண்டு மாதிரி தன் பதில்களைத் தானே திருத்திப் பழகும் முறையை அந்த்ரோபிக் நிறுவனம் 2022இல் வெளியிட்டது.

எந்தப் பயிற்சியும் நிறுவனத்தின் முடிவிலிருந்து பாத்திரத்தைக் காக்காது. 2023 பெப்ரவரியில் ரெப்ளிக்கா காமப் பேச்சை நிறுத்தியபோது, தங்கள் துணை வேறு ஆளாகிவிட்டது என்று பயனர்கள் பலர் முறையிட்டனர். பழைய பயனர்களுக்கு மட்டும் முந்திய வடிவம் மார்ச்சில் திருப்பித் தரப்பட்டது.