சின்ன நாய், பெரிய மூக்கு

துப்பாக்கி ஓய்ந்துவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது. வேட்டை நாய் மீதுள்ள ஆசை மட்டும் போகவில்லை. ஹைதராபாத்தின் பழைய வேட்டைப் பிரியர்கள் இப்போது தேட வேண்டியது தங்கள் வயதுக்கு ஏற்ற நாயை.

ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா போகும் நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. அதற்குப் பக்கத்திலேயே, வனஸ்தலிபுரத்தில், வெளிமான்கள் சாவகாசமாக மேய்கின்றன. மகாவீர் ஹரிண வனஸ்தலி தேசியப் பூங்கா என்று இன்று பெயர் பெற்றிருக்கும் இந்த நிலம் ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டைக் காடு. மகாவீரரின் 2,500ஆவது நிர்வாண ஆண்டையொட்டி 1975ல் அது மான்களுக்கே விடப்பட்டது.

வேட்டை இந்த நகரத்துக்குப் புதிதல்ல. ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கான் (1866-1911) புலி வேட்டைக்குப் பேர் போனவர். ஆட்கொல்லிச் சிறுத்தைகள், புலிகள் பற்றி எழுதிப் புகழடைந்த கென்னத் ஆண்டர்சன் 1910ல் பிறந்தது இங்குள்ள பொலாரத்தில். புலியும் சிறுத்தையும் பெரிய மனிதர்களின் விவகாரம். சாதாரணக் குடும்பங்களின் வேட்டை என்பது முயல், கௌதாரி, காடை. அதற்குப் பரிவாரம் தேவையில்லை. ஒரு துப்பாக்கியும் ஒரு நல்ல நாயும் போதும்.

அந்தக் காலம் இரண்டு கட்டங்களாக முடிவுக்கு வந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான விலங்குகளைக் காப்பாற்றியது. ஆனாலும் உரிமம் வைத்திருந்தவர்கள் சிறு வேட்டையாடுவதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. 1991ல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. அன்று 25 வயதில் உரிமம் வைத்திருந்தவர் இன்று அறுபதை எட்டிப் பிடித்திருப்பார். அதாவது, பொழுதுபோக்காகச் சட்டப்படி வேட்டையாடிய இந்தியர்களின் கடைசித் தலைமுறை இப்போது மூத்த குடிமக்கள் வரிசையில் நிற்கிறது.

ஆனால் நாய்கள் நின்றுவிடவில்லை. வேட்டைக்கென்றே நூற்றாண்டுகளாக வளர்த்தெடுக்கப்பட்ட இனங்கள் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சோபாவில் படுத்துக்கிடக்கின்றன. வேட்டைக்காரருக்கு வயதாகிவிட்டது, நாயின் ரத்தத்தில் ஊறிய வேட்டைக்கு வயதாகவில்லை. பிரச்சினையே இங்குதான் ஆரம்பிக்கிறது.

தக்காணத்துப் பழைய வேட்டைக்காரர்களுக்குப் பிரியமான நாய் எது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் காரவான் ஹவுண்டாக இருக்கும். வணிகக் கூட்டங்களோடு வந்த நாய் என்பதால் கிராமத்தில் அதற்குக் கர்வானி என்று பேர். வைர வியாபாரிகளின் கூட்டங்கள் தங்கிச் சென்றதால் கோல்கொண்டா அருகே ஒரு பேட்டைக்கே கார்வான் என்ற பெயர் இருக்கிறது. கர்நாடகத்தில் முதோல் மன்னர் மாலோஜிராவ் கோர்ப்படே இந்த நாய்களைப் பேணி வளர்த்ததால் முதோல் ஹவுண்ட் என்ற பெயரும் சேர்ந்தது. 2005ல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் நம்ம ஊர் ராஜபாளையத்தோடு இதுவும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் முதோல், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று உள்நாட்டு இனங்களை வரிசைப்படுத்தியபோது பலருக்கு ஆசை மீண்டும் துளிர்த்தது.

ஆசை சரி, ஆனால் கால் என்ன சொல்கிறது? முயலைத் துரத்திப் பிடிக்க உருவான நாய் இது. மூக்கை விடக் கண்ணை நம்பும். ஒரு பூனை தெருவைக் கடந்தால் போதும், கணப்பொழுதில் முழு வேகம் எடுக்கும். வாரின் மறுமுனையில் இருப்பவர் 30 வயதுக்காரர் என்றால் ஒரு தடுமாற்றத்தோடு முடியும். 68 வயதுக்காரர் என்றால் இடுப்பெலும்போடு முடியக்கூடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்கள் நாயை வாரில் பிடித்து நடக்கும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள் 2004ல் 1,671 என்று மதிப்பிடப்பட்டன. 2017ல் அது 4,396. ஜாமா சர்ஜரி மருத்துவ இதழ் 2019ல் வெளியிட்ட கணக்கு இது. 2023ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 20 ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நாயோடு நடந்தவர்களுக்கு அதிகம் ஏற்பட்ட காயங்களில் முதலிடம் விரல் எலும்பு முறிவுக்கு. அடுத்தது தலைக்காயம். மூன்றாவது தோள்பட்டைச் சுளுக்கு. வாரைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது புரியும்.

வெளிநாடுகளில், வேட்டை இன்னும் அனுமதிக்கப்படும் இடங்களில், வயதான வேட்டைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள லாப்ரடாரை விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் சிறிய நாய்க்கு மாறுகிறார்கள். இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல் 13, 14 கிலோதான் இருக்கும். உட்காக் என்ற பறவையைப் புதரிலிருந்து கிளப்ப வளர்க்கப்பட்டதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் பாய்கின் ஸ்பேனியல் என்றொரு இனம் இருக்கிறது. சிறு படகில் ஆட்களோடு சேர்ந்து ஏறிக்கொள்ள வேண்டும், படகைக் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அளவாக உருவாக்கப்பட்டது. 1985 முதல் அதுதான் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நாய்.

உருவம் சிறுத்தால் திறமை சிறுக்காது என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. குமாவுன் காடுகளில் ஜிம் கார்பெட்டோடு அலைந்த ராபின் ஒரு ஸ்பேனியல். கூடையிலிருந்த குட்டிகளிலேயே நோஞ்சான் அதுதான். கார்பெட் கொடுத்த விலை 15 ரூபாய். 1944ல் வெளியான தன் புகழ்பெற்ற புத்தகத்தில் அவர் அதற்காக ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். இதற்கு நேர்மாறான காட்சி 2018ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் காட்டில். ஆட்கொல்லி என்று அறிவிக்கப்பட்ட அவனி புலியைத் தேடும் பணியில் ஹைதராபாத் வேட்டைக்காரர் நவாப் ஷஃபாத் அலி கானின் குழு இறங்கியது. தேடலுக்குக் கேன் கோர்ஸோ என்ற பிரம்மாண்டமான இத்தாலிய நாய்களும் வரவழைக்கப்பட்டன. கடைசியில் நவம்பர் 2ஆம் தேதி இரவு ஜீப்பிலிருந்து நவாபின் மகன் சுட்டதில்தான் புலி இறந்தது. அந்தச் சாவு கிளப்பிய சர்ச்சை நீதிமன்றம் வரை போனது.

அப்படியானால் சிறிய வேட்டை நாய் ஒன்றை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எடையைப் பார்த்து நாய் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. கவனிக்க வேண்டியது எடையை மட்டுமல்ல, அந்த நாய் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது என்பதையும்.

பீகிளை எடுத்துக்கொள்ளலாம். பத்துக் கிலோ சொச்சம். சாதுவான முகம். அதனால்தான் 1984ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை மோப்பம் பிடிக்க அமெரிக்க விவசாயத் துறை அதைத் தேர்ந்தெடுத்தது. யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் பீகிள் முயலின் வாசனையை மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓட வளர்க்கப்பட்ட இனம். மூக்கு தரையைத் தொட்டுவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். எஜமான் கூப்பிடுவது கேட்காது. கூட்டத்தோடு ஓடிய நாய் என்பதால் தனியாக விட்டால் ஊளையிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பும். சாப்பாட்டைக் கண்டால் அளவு தெரியாது, உடம்பு பெருத்துவிடும்.

டாக்ஷண்ட் என்ற ஜெர்மன் பெயரில் டாக்ஸ் என்பது பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கு. அதன் வளைக்குள்ளேயே நுழைந்து சண்டை போடுவதற்காகக் குட்டைக் கால், நீண்ட உடல். இந்த நீண்ட முதுகுதான் அதன் பலவீனமும். மாடிப்படி ஏறி இறங்குவதும் கட்டிலிலிருந்து குதிப்பதும் முதுகெலும்பு வட்டுகளைப் பாதிக்கும். லிஃப்ட் இல்லாத வீட்டில் எஜமானின் முழங்காலும் நாயின் முதுகும் சேர்ந்தே தேயும். நரியை விரட்டவென்று 19ஆம் நூற்றாண்டில் ஜான் ரஸல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் உருவாக்கிய டெரியர் ஏழெட்டுக் கிலோதான். ஆனால் அதன் சுறுசுறுப்புக்கு ஈடுகொடுக்க ஓர் இளைஞரே திணற வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் முதியவரோடு ஒத்துப்போக அதிக வாய்ப்புள்ளது காக்கர் ஸ்பேனியல். துப்பாக்கி தூரத்தைத் தாண்டி ஓடாமல் எஜமான் பக்கத்திலேயே வேலை செய்யப் பழக்கப்பட்ட இனம் அது. திரும்பித் திரும்பி முகத்தைப் பார்க்கும். ஆனால் தொங்கும் காதுகளில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடர்ந்த ரோமத்தை வெட்டி, தினமும் சீவ வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது நடை காலை ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். வேகமான நாய்தான் வேண்டும் என்பவர்களுக்கு காரவான் ஹவுண்டின் சின்னத் தம்பி போன்ற விப்பெட் உண்டு. வீட்டுக்குள் பூனை மாதிரி சுருண்டு படுத்திருக்கும். வெளியே வாரை அவிழ்த்தால் பறந்துவிடும்.

சிறிய நாயிடம் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. பெரிய நாய் இழுத்துத் தள்ளும். சின்ன நாய் காலுக்கடியில் வந்து தடுக்கும். நாய், பூனைகளால் ஆண்டுக்கு 86,000க்கும் அதிகமானவர்கள் விழுந்து காயமடைவதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009ல் கணக்கிட்டது. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நாய்கள். இரவில் பாத்ரூமுக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு, நாய் படுக்க நிரந்தரமாக ஒரு மூலை, குனியாமல் மாட்டக்கூடிய மார்புப் பட்டை ஆகியவை இனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நிகரான முக்கியத்துவம் கொண்டவை.

வேட்டை ரத்தத்தை என்ன செய்வது? காட்டுக்கு அழைத்துப்போக முடியாது. சட்டத்தின் பார்வையில் சுடுவது மட்டும் வேட்டை அல்ல; நாயை ஏவி முயலை விரட்டுவதும் வேட்டையே. 2022ன் திருத்தத்துக்குப் பிறகு காட்டு முயல் இரண்டாவது அட்டவணையில் பாதுகாக்கப்படுகிறது. மாற்று வழி வீட்டிலேயே இருக்கிறது. காய்ந்த ஈரல் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்கச் சொல்வது மோப்ப இனங்களுக்கு நல்ல வேலை. எஜமான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆட்டத்தை நடத்தலாம். வாரை அவிழ்த்துவிட வேண்டும் என்றால், 2018ல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே மாநகராட்சி அமைத்த பூங்கா மாதிரி வேலியிட்ட இடம்தான் பொருத்தம்.

அடுக்குமாடிச் சங்கங்களின் முணுமுணுப்புக்கும் பதில் இருக்கிறது. வளர்ப்பு நாய்க்கு ஒட்டுமொத்தத் தடை விதிக்கவோ லிஃப்டில் ஏற்ற மறுக்கவோ கூடாது என்று பிராணிகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதற்கு ஈடாக வெறிநாய்த் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் தவறாமல் இருக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை.

யாரும் பேச விரும்பாத கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. பிரிட்டனில் 5,84,734 நாய்களின் தகவல்களை வைத்து 2024ல் வெளியான ஆய்வின்படி நாய்களின் சராசரி ஆயுள் 12.5 ஆண்டு. கேன் கோர்ஸோவுக்கு 8.1 ஆண்டுதான். சின்ன டாக்ஷண்டுக்கு 14. சிறிய நாய் அதிக நாள் வாழும் என்பது நல்ல செய்தியாகத்தான் தெரியும். ஆனால் 70 வயதில் டாக்ஷண்ட் குட்டி வாங்குபவர் 84 வயது வரை அதைக் கவனித்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகள் டல்லாஸிலும் டொரன்டோவிலும் இருக்கும் நகரம் இது. எஜமான் ஆஸ்பத்திரிக்குப் போனால் நாய் எங்கே போகும்?

இதனால்தான் குட்டியை விட வளர்ந்த நாய் மேல். ஐந்தாறு வயது நாய்க்குக் கடித்துக் குதறும் பருவம் முடிந்திருக்கும். அதன் குணம் என்ன, எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு வார நடையிலேயே தெரிந்துவிடும். நடிகை அமலா 1992ல் தொடங்கிய ஹைதராபாத் ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் கைவிடப்பட்ட பிராணிகளுக்கு வீடு தேடுகின்றன. பெங்களூரின் கியூபா அமைப்பு, மருந்து ஆய்வகங்களிலிருந்து விடுவிக்கப்பட்ட பீகிள்களைக் குடும்பங்களில் சேர்த்திருக்கிறது. புல்லையும் மண்ணையும் முகர்ந்தே அறியாத வேட்டை நாய்கள் அவை.

பழைய வேட்டைக்காரர்களுக்கு ஒரு விதி மனப்பாடம். சுடுவதற்கு முன் குண்டு எங்கே போய் விழும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாய் விஷயத்திலும் அதேதான். தனக்குப் பிறகு அதை ஏற்றுக்கொள்ளப்போகிறவர் மருமகளோ, தம்பி மகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ, அவரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். முடிந்தால் எந்த நாய் என்று பார்க்கப் போகும்போது அவரையும் கூட அழைத்துப்போக வேண்டும். வாரின் அடுத்த கை அவருடையதுதான்.