லேசரின் வாயில் ஏன் கோடு செதுக்குகிறார்கள்?

தி.நகரில் விற்கும் ஐபோன் முகத்தை அடையாளம் காண, சிப்பின் மேற்பரப்பிலிருந்து செங்குத்தாக ஒளி உமிழும் குறைக்கடத்தி லேசர்களைப் பயன்படுத்துகிறது. இவ்வகை லேசரில் ஒளி வெளியேறும் வாய் பொதுவாக வட்டம். விட்டம் சில மைக்ரோமீட்டர்தான். வட்டத்துக்கு ஏது திசை? மின்னோட்டமோ வெப்பமோ மாறினால் ஒளி அதிரும் தளம் சட்டென்று தாவக்கூடும். ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டை வெளியே ஒட்டினால் போதாதா? மலிவான யோசனைதான், ஆனால் தளம் தாவினால் அது ஒளியையே அடைத்துவிடும். வாயிலேயே நுண்கோடுகள் செதுக்கினால் ஒரு தளத்துக்கு மட்டும் இழப்பு குறையும். லேசர் அதையே பற்றிக்கொள்ளும். கோடுகளுக்குப் பதில் நுண்தூண்களும் உண்டு: அதிரும் திசை சுழன்றபடி செல்லும், அதாவது வட்டத் தளவிளைவுற்ற, ஒளியை முறுக்க அவற்றை இடத்துக்கிடம் திருப்பி நடுகிறார்கள். அதற்கு அடிப்படையான, ஒளியலையின் வடிவியல் கட்டத்தைப் (geometric phase) பெங்களூரில் எஸ். பஞ்சரத்தினம் 1956இல் கண்டார். செலவு? ஒரே குறைக்கடத்தி வில்லையில் (wafer) ஆயிரக்கணக்கான லேசர்களுக்குச் சேர்த்தே செதுக்கிவிடலாம்.