சங்கம் வளர்த்த மருத்துவம் - 9: நான்கு பேர் தொடங்கிய அகில இந்தியச் சங்கம்

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை 36 கோடி. அதே ஆண்டு சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கியவர்கள் நான்கே பேர். மற்றவர்களை ஒதுக்கிவிட்டு அப்படிச் செய்யவில்லை. நாட்டில் அப்போது இருந்த நரம்பியல் நிபுணர்களே ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதலாமவர் ஜேக்கப் சாண்டி. கோட்டயத்துக்காரர். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். 1949-இல் அவர் வேலூர் சி.எம்.சி.க்கு வரும்வரை நரம்பு அறுவைக்கென்று இந்தியாவில் தனித்துறை கிடையாது. மறு ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அந்த வேலையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர், இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது முப்பது வயது ஆகவில்லை. மற்ற இருவர் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன். ஆக, கத்தி பிடித்தவர்கள் இருவர், முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் பிடித்தவர் ஒருவர், மூளையின் மின் அலைகளைப் படிக்கும் இ.இ.ஜி. நிபுணர் ஒருவர். அறுவை மருத்துவர்களும் பொது மருத்துவர்களும் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்த காலத்தில் இந்தக் கூட்டு புதுமைதான்.

கூடிப் பேச வேண்டிய கட்டாயமும் இருந்தது. சி.டி. ஸ்கேன் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்ததே 1971-இல்தான். அதற்கு முன்பு மண்டையில் சிறு துளையிட்டு, மூளை அறைகளில் உள்ள நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்று நிரம்பிய அறைகள் படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் ஏதோ கட்டி தள்ளுகிறது என்று ஊகம். நோயாளியைத் தலைவலியும் வாந்தியும் கொன்றுவிடும். படத்தைப் பார்த்து முடிவெடுக்க நாலு கண்ணுக்கு எட்டுக் கண் இருந்தால் நல்லதுதானே!

திறந்து பார்த்தால் உள்ளே இருந்ததோ மேல்நாட்டுப் பாடநூல்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போன சமாசாரம்: காசநோய்க் கட்டி. இந்திய மருத்துவமனைகளில் அன்று கண்ட மூளைக்கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த வகை. எப்போது வெட்டுவது, எப்போது மருந்தை நம்புவது என்பதை லண்டனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இங்கே பார்த்ததை இங்கேயே எழுதி வைக்க வேண்டும். சங்கம் ‘நியூராலஜி இந்தியா’ என்ற இதழை நடத்தியதன் முழுப் பொருளும் அங்கேதான் இருக்கிறது.

1970-இல் அதே இதழில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இளவயதுக்காரர்களுக்குக் கை கால் தசை மெலிகிறது. முகம் தளர்கிறது, விழுங்கச் சிரமப்படுகிறார்கள், காதும் மந்தமாகிறது. ஆனால் வழக்கமான இயக்க நரம்பணு நோய் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆளைச் சாய்க்கும்; இவர்களோ பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். நோய்க்கு ‘மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர் சென்னையாகி எத்தனையோ வருடமாயிற்று, மருத்துவ நூல்களில் மட்டும் இன்னும் மெட்ராஸ்தான்.

1989-இல் உலக நரம்பு அறுவை மருத்துவர்களின் மாநாடு புதுடெல்லியில் நடந்தது. சில ஆண்டுகளில் அறுவை செய்யாத நரம்பு மருத்துவர்கள் தங்களுக்கென இந்திய நரம்பியல் அகாதமியை அமைத்துக்கொண்டார்கள். ஆள் பெருகினால் பந்தி பிரிவது இயல்பு. இருந்தும் பழைய சங்கத்தில் இருவகை மருத்துவர்களும் இன்றும் உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள்.

(தொடரும்)