உறுதிமொழியில் ஓடும் உலகக் கணினி

2017 நவம்பர் 9, விடியற்காலை. இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் தெருவுக்கு அடியில் போகும் பெரிய குடிநீர்க் குழாய் ஒன்று உடைந்தது. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடியது. அந்தப் பள்ளத்தில் இருந்தது இத்தாலிய அணு இயற்பியல் கழகத்தின் கணினி மையமான சி.என்.ஏ.எஃப். மின் அறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சர்வர் அடுக்குகளின் கீழ்த்தட்டுகள் மூழ்கின. தரவுகளைச் சேமித்துவைக்கும் காந்த நாடா நூலகத்தின் அடிவரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடாக்கள் நனைந்தன. மையம் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆனது.

ஜெனீவா அருகே பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடும் பெரும் ஹாட்ரான் மோதுவி, அதாவது எல்.எச்.சி., தன் தரவுகளை நம்பி ஒப்படைத்திருக்கும் முதல்நிலை மையங்களில் பொலோன்யாவும் ஒன்று. ஆனாலும் ஆய்வு நிற்கவில்லை. அங்கே ஓட வேண்டிய கணக்குகள் வேறு நாட்டு மையங்களுக்குப் போயின. எல்.எச்.சி.யின் மூலத் தரவுக்கு ஜெனீவாவிலேயே இன்னொரு பிரதி இருந்தது. இதற்கு முன் 2009-இல் தைவான் தலைநகர் தைபேயில் இருந்த மையத்தில் தீப்பிடித்தபோதும் இப்படித்தான் சமாளித்தார்கள்.

'உலகளாவிய எல்.எச்.சி. கணினி கிரிட்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட செயலிக் கருக்கள். இந்தக் கணினிகளை வாங்கியது யார்? அந்தந்த நாடு. பராமரிப்பதும் அந்தந்த நாடே. ஒட்டுமொத்தத்துக்கும் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. "இதைச் செய்" என்று 170 மையங்களுக்கும் ஆணையிடும் சட்ட அதிகாரமும் எவரிடமும் இல்லை. இயந்திரங்களை இணைத்ததைவிட, அதிகாரம் இல்லாமலே இத்தனை பேரைச் சேர்ந்து வேலை செய்யவைத்ததுதான் பெரிய சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாக் கணினிகளையும் ஜெனீவாவிலேயே வாங்கி வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். எல்.எச்.சி.யில் புரோட்டான் கொத்துகள் விநாடிக்கு 4 கோடி முறை எதிரெதிரே வந்து கடக்கின்றன. அதில் பெரும்பகுதியை அங்கேயே வடிகட்டித் தள்ளிவிட்டு, பெரிய சோதனைகள் ஒவ்வொன்றும் விநாடிக்கு ஆயிரம், சில ஆயிரம் நிகழ்வுகளை மட்டும் பதிவு செய்கின்றன. அப்படியும் ஆண்டுக்குப் பல பத்து பெட்டாபைட் சேர்ந்துவிடும். ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட். இதை ஒரே இடத்தில் வைத்து அலசும் கணினிகளை வாங்க, எல்.எச்.சி.யை நடத்தும் செர்ன் ஆய்வகத்தின் பட்ஜெட்டில் இடமில்லை.

இதைவிடப் பெரிய காரணம் காசு எந்த ஊரில் செலவாகிறது என்பது. கார்ல்ஸ்ரூவில் கணினி மையம் கட்டப் பணம் கேட்டால் ஜெர்மன் அரசு யோசித்துப் பார்க்கும். உள்ளூரில் வேலை கிடைக்கும், இளைஞர்கள் பயிற்சி பெறுவார்கள், பிற துறை ஆய்வாளர்களுக்கும் பயன்படும். அதே தொகையைச் சுவிட்சர்லாந்தில் இயந்திரம் வாங்கக் கொடுங்கள் என்றால் எந்த நிதி அமைச்சரும் எளிதில் கையெழுத்துப் போட மாட்டார். எனவே பணம் எல்லை தாண்ட வேண்டாம், கணக்கு வேலை மட்டும் தாண்டட்டும் என்று முடிவானது. 2001 செப்டம்பரில் செர்ன் அவை இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எல்.எச்.சி.யில் முதல் கற்றை ஓடியது 2008 செப்டம்பரில். அதாவது கணினி ஏற்பாட்டுக்கு ஏழு ஆண்டு முன்னதாகவே அடித்தளம் போட்டுவிட்டார்கள்.

முதலில் வரைந்த அமைப்பு ஒரு படிநிலை. உச்சியில் செர்ன். அதற்குக் கீழே முதல்நிலை மையங்கள்: பொலோன்யா, கார்ல்ஸ்ரூ, பிரான்ஸின் லியோன், பிரிட்டனின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகம், அமெரிக்காவின் புரூக்ஹேவன், ஃபெர்மிலாப் எனப் பத்துக்கும் சற்று மேல். இவை தரவின் பிரதியை நாடாவில் பாதுகாக்க வேண்டும், இரவு பகல் பாராமல் ஆள் இருக்க வேண்டும். அதற்கும் கீழே, பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் சுமார் 150 இரண்டாம்நிலை மையங்கள். தரவு மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்கும் என்று வகுத்தார்கள், ஏனென்றால் 1990-களின் இறுதியில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணைய வேகத்தை யாரும் நம்பவில்லை. பிறகு பிணையம் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தது. 2010-க்குப் பிறகு எந்த மையமும் எந்த மையத்திடமிருந்தும் தரவு எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

மையங்களைக் கட்டிப்போட்டிருப்பது ஓர் ஒப்பந்தம். விசித்திரமான ஒப்பந்தம். சட்டப்படி இது யாரையும் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கூட்டணியின் வெற்றி அனைவரும் இதை மதித்து நடப்பதில்தான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. வழக்குப் போட முடியாத உடன்படிக்கையை நம்பி ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் உறுதிமொழி தருகிறது: வரும் ஆண்டில் இவ்வளவு கணிப்புத் திறன், இவ்வளவு டிஸ்க், இவ்வளவு நாடா. உறுதிமொழி ஆண்டு தொடங்குவது ஏப்ரல் 1. நமக்கு அது வசதியான தேதி. ஐரோப்பாவில் பல நாடுகளுக்கு நிதியாண்டு ஜனவரியில் பிறக்கிறது, அமெரிக்க அரசுக்கு அக்டோபரில். ஏப்ரலில் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு எந்த ஆண்டின் பட்ஜெட்டில் டெண்டர் விடுவது என்ற தலைவலி ஒவ்வொரு மைய நிர்வாகிக்கும் உண்டு.

சோதனைக் குழுக்கள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குக் கொடுக்க வேண்டும். கேட்பவர் கூடுதலாகக் கேட்பது உலக வழக்கம். எனவே வெளி விஞ்ஞானிகள் அடங்கிய ஒரு பரிசீலனைக் குழு அந்தக் கணக்கைப் பிரித்து மேய்கிறது. உங்களுக்கு ஏன் இத்தனை பிரதி? யாரும் தொடாத கோப்புகள் டிஸ்க்கில் ஏன் கிடக்கின்றன? பதில் சொல்லியாக வேண்டும். பிறகு நிதி தரும் அரசு அமைப்புகளின் பிரதிநிதிகள் ஆண்டுக்கு இருமுறை கூடி, கேட்டதையும் கிடைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான் இது. எழுதியதைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆனால் யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

நோட்டில் எழுதுவது என்றால் எதைக் கொண்டு எண்ணுவது? இங்கேதான் மெனக்கெட்டிருக்கிறார்கள். ஆயிரம் செயலிக் கருக்கள் தருகிறேன் என்று ஒரு நாடு சொன்னால் அதில் பொருளே இல்லை. பத்து ஆண்டுப் பழைய கரு ஒன்றும் இன்றைய கரு ஒன்றும் சமமாகாது. எனவே தரநிலைச் சோதனை நிரல்களை ஓட்டி, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மதிப்பெண் போட்டு, அந்த அலகில்தான் உறுதிமொழி எழுதப்படுகிறது. நெடுங்காலம் பயன்பட்ட அலகு, பொதுச் சந்தைக்கான நிரல்களை வைத்து உருவானது. இயற்பியல் கணக்குகளின் போக்கு மாற மாற அது பொருந்தாமல் போனது. 2023-இல் சோதனைக் குழுக்கள் அன்றாடம் ஓட்டும் நிரல்களையே வைத்து 'ஹெப்ஸ்கோர்' என்ற புதிய அளவுகோலுக்கு மாறினார்கள். பழைய அலகில் எழுதிய உறுதிமொழியைப் புதியதற்கு மாற்றும்போது எந்த நாட்டுக்கும் நட்டம் தெரியக் கூடாதல்லவா? ஒரு குறிப்பிட்ட செயலியில் இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும்படி அமைத்துத்தான் அந்தச் சங்கடத்தைக் கடந்தார்கள்.

அடுத்தது நம்பிக்கை. கொல்கத்தாவில் ஓர் ஆய்வு மாணவி ஒரு நிரலை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது கார்ல்ஸ்ரூவில் உள்ள கணினியில் போய் ஓடும். அங்குள்ள நிர்வாகிக்கு அவரைத் தெரியாது. கணக்கு எண், கடவுச்சொல் எதுவும் கொடுத்ததில்லை. பின் எப்படி உள்ளே விடுகிறார்? மாணவி முதலில் தன் நாட்டில் அதற்கென நியமிக்கப்பட்டவரிடம் நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டுகிறார். பிறகு தேசியச் சான்றளிப்பு அமைப்பு மின் சான்றிதழ் தருகிறது. இந்தியாவில் அந்தப் பொறுப்பு சி-டாக் நிறுவனத்திடம் இருந்தது. உலகெங்கும் உள்ள சான்றளிப்பு அமைப்புகள் 2005-இல் ஐரோப்பா, ஆசிய-பசிபிக், அமெரிக்கக் கண்டங்கள் என மூன்று வட்டாரக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து, ஒருவர் நடைமுறையை மற்றவர் தணிக்கை செய்துகொண்டன. எனவே கார்ல்ஸ்ரூ நிர்வாகி மாணவியை நம்பவில்லை, அவரை நேரில் பார்த்தவரை நம்புகிறார். அவர் எந்தச் சோதனைக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியல் சொல்லிவிடும்.

இதில் மையங்கள் விட்டுக்கொடுக்காத ஓர் உரிமை உண்டு. சந்தேகம் வந்தால் எந்த மையமும் எவரையும் தன் வாசலில் நிறுத்திவிடலாம், ஜெனீவாவைக் கேட்க வேண்டியதில்லை. அந்த உரிமை இல்லாவிட்டால் பல நாடுகள் சேர்ந்தே இருக்காது. ஒரு குறை, சான்றிதழைப் பிரவுசரில் ஏற்றி ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சடங்கு இயற்பியலாளர்களைப் படாத பாடு படுத்தியது. இப்போது பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே உள்நுழைந்து குறுகிய கால டோக்கன் பெறும் முறைக்குப் படிப்படியாக மாறிவருகிறார்கள்.

இனி அன்றாடப் பாடு. எங்கோ ஒரு மையத்தில் ஒரு கணினி கெட்டுப்போகிறது, டிஸ்க் நிரம்பிவிட்டது என்றே கொள்வோம். அதற்கு வரும் வேலை விநாடியில் தோற்றுத் திரும்பும். தோற்றதால் அந்தக் கணினி மீண்டும் காலியாகும். காலியாக இருப்பதால் வரிசையில் நிற்கும் அடுத்த வேலை அதற்கே போகும். ஒழுங்காக ஓடும் கணினிகள் ஒரு வேலையை முடிக்கப் பல மணி நேரம் எடுக்க, இந்த ஒற்றைப் பழுதான கணினி ஓர் இரவுக்குள் ஆயிரக்கணக்கான வேலைகளை விழுங்கிவிடும். இதற்குக் 'கருந்துளை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பரிகாரம் அழகானது. உண்மையான வேலையை அனுப்பாதே, முதலில் ஒரு வெறும் தூதனை அனுப்பு. அந்தத் தூது நிரல் கணினியில் போய் இறங்கி, இடம் இருக்கிறதா, நினைவகம் போதுமா, தேவையான மென்பொருள் எட்டுகிறதா என்று பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் மையப் பட்டியலிலிருந்து ஒரு வேலையை இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தூதன் செத்தால் சாகட்டும், வேலை பிழைத்தது. பழுது மையத்தின் பெயருக்கு டிக்கெட்டாகப் பதிவாகும். எந்த மையம் மாதத்தில் எத்தனை சதவீத நேரம் ஒழுங்காக இயங்கியது என்ற அறிக்கை பெயரோடு வெளியாகும். அபராதம் கிடையாது. தன் மையத்தின் வரிசை சிவப்பாக இருப்பதைப் பிற மையத்தார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் தரவுப் பரிமாற்றத்தைத் திரையில் காட்டிய 'கிரிட்வியூ' என்ற கண்காணிப்புக் கருவியை செர்னுடன் சேர்ந்து உருவாக்கியது மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம்.

இந்தியாவுக்கு இதில் இரண்டாம்நிலை மையங்கள் உண்டு. கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தில் இருப்பது 'ஆலிஸ்' சோதனைக்கானது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பது 'சி.எம்.எஸ்.' சோதனைக்கானது. 2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டதாக செர்ன் அறிவித்தபோது, அப்போதைய தலைமை இயக்குநர் ரால்ஃப் ஹோயர் முடுக்கியையும் உணர்கருவிகளையும் பாராட்டியதோடு கிரிட்டையும் சேர்த்தே சொன்னார். அந்தப் பாராட்டில் கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் பங்கு உண்டு.

ஆனால் நாடுகளின் கூட்டு என்றால் நாடுகளின் சண்டையும் சேர்ந்தே வரும். உக்ரைன் மீது படையெடுப்பு நடந்தபின், ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று செர்ன் அவை முடிவு செய்தது. 2024 நவம்பர் 30-உடன் அது முடிவுக்கு வந்தது. மாஸ்கோவுக்கு வடக்கே துப்னாவில் உள்ள கூட்டு அணு ஆராய்ச்சி நிறுவனமோ பல நாடுகள் சேர்ந்து நடத்துவது என்பதால், அதனுடனான ஒப்பந்தம் தொடர்கிறது. சி.எம்.எஸ். சோதனையின் முதல்நிலை மையம் ஒன்று அங்கேதான் இருக்கிறது. முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். கணினிகளைக் கோத்த கயிறு தொழில்நுட்பத்தால் ஆனதல்ல என்பது அப்போது வெளிப்படையாகத் தெரிந்தது.

திருடர்களும் எல்லை பார்ப்பதில்லை. 2020 மே மாதம் எடின்பரோவின் 'ஆர்ச்சர்' உட்பட ஐரோப்பாவின் பல மீக்கணினிகள் ஊடுருவலால் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஓரிடத்தில் திருடிய உள்நுழைவு விவரம் அடுத்த இடத்தின் கதவைத் திறந்தது. ஒரே ஆய்வாளர் பல நாட்டு இயந்திரங்களில் வேலை செய்வதே இத்தகைய ஏற்பாடுகளின் பலம், அதுவேதான் பலவீனமும்.

எல்.எச்.சி.யே மேம்படுத்தப்பட்டு 2030 வாக்கில் மீண்டும் ஓடத் தொடங்கும்போது தரவு பல மடங்கு பெருகும். நிதியோ ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கிறது. முன்பெல்லாம் அதே காசுக்கு ஆண்டுதோறும் கூடுதல் திறன் கிடைத்தது. வன்பொருள் விலை சரியும் வேகம் குறைந்துவிட்டதால் இப்போது அந்த வரவும் சுருங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் உலகின் மையங்கள் எல்லாம் சேர்ந்து, வரப்போகும் வேகத்தில் கால் பங்கை இலக்காக வைத்து, தரவை அங்கும் இங்கும் அனுப்பி ஒத்திகை பார்த்தன.

இதே பாதையில் இப்போது வானியலாளர்களும் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும் 'சதுர கிலோமீட்டர் அணிவரிசை' ரேடியோ தொலைநோக்கி முழுமையாக இயங்கும்போது ஆண்டுக்குச் சுமார் 700 பெட்டாபைட் தரவைத் தரும் என்பது திட்டக்காரர்களின் மதிப்பீடு. அதைப் பெற்று விஞ்ஞானிகளுக்கு வழங்கப் பல நாடுகளில் வட்டார மையங்கள் உருவாகின்றன. இந்தத் திட்டத்தில் சேர இந்திய அரசு ரூ.1,250 கோடிக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. இந்தியாவில் ஒரு வட்டார மையம் அமைப்பதும் அதில் அடக்கம். தரவு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்க எல்.எச்.சி.யின் 'அட்லஸ்' குழு எழுதிய 'ரூசியோ' மென்பொருளையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்த நாடு எவ்வளவு டிஸ்க் தரும், அதை எந்த அலகில் எழுதுவது என்ற பேச்சை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.